கைக்கடிகாரத்தின் உருமாற்றம்: உடைமையும் உண்மையும்

விலையுயர்ந்த கைக்கடிகாரமொன்றைப் பெருந்தொகை கொடுத்து வாங்கிய ஒருவர், அதன் வெண்ணிற முகப்பை நீலமாக்கவும், உருக்குக் கூட்டுக்குக் கருநிறப் பூச்சிடவும், விளிம்பைச் சுற்றி நீலக்கற்களைப் பதிக்கவும் விரும்புகிறார். அவ்வாறு செய்ய அவருக்கு உரிமை உண்டா? செய்து முடித்த பின்னரும் அப்பொருள் அதே நிறுவனத்தின் கடிகாரந்தானா? அதனை வேறொருவருக்கு விற்குமிடத்து அவர் எவற்றைச் சொல்லக் கடமைப்பட்டவர்? முதற்பார்வைக்கு இவை செல்வர்தம் பொழுதுபோக்குப் பற்றிய வினாக்களாகத் தோன்றலாம். ஆயின் சற்று ஆழ்ந்து நோக்குமிடத்து, உடைமை என்பது யாது, பண்டத்தின் மீது பொறிக்கப்பட்ட பெயர் எதற்குச் சான்று கூறுகின்றது, பழுதுபார்க்கும் தொழிலாளியின் திறன் யாருடைய கட்டுப்பாட்டில் இருத்தல் வேண்டும் என்னும் பொதுவான பிரச்சினைகள் இவற்றினுள் அடங்கியிருப்பதைக் காணலாம்.

கொழும்பில் வாழ்வோர்க்கு இவ்வினாக்கள் அயலானவை அல்ல. வெள்ளவத்தையிலிருந்து பாமன்கடை வரையும், கொட்டாஞ்சேனையிலும், புறக்கோட்டையிலும் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் ஒற்றைக் கண்ணில் உருப்பெருக்கியைப் பொருத்தியபடி வேலைசெய்யும் மணிக்கூடு திருத்துநர்களிடம், கடல் கடந்து சென்ற உறவினர் கொண்டுவந்த கடிகாரங்களும், தந்தையர் விட்டுச்சென்ற கடிகாரங்களும், பலர் கைமாறி வந்த கடிகாரங்களும் வந்து சேருகின்றன. நடுத்தர வர்க்கக் குடும்பத்துக்கு நல்ல கடிகாரமொன்று அணிகலன் மட்டுமன்று. நெருக்கடி நேரத்தில் விற்கவோ அடகு வைக்கவோ உதவும் சேமிப்புமாகும். அச்சேமிப்பின் மதிப்பு, கடிகாரத்தினுள் எது மூலம், எது பின்னர் சேர்க்கப்பட்டது என்ற ஒன்றிலேயே பெரிதும் தங்கியுள்ளது.

உடையவர் தம் கடிகாரத்தை விரும்பியவாறு மாற்றலாம். ஆனால் அம்மாற்றம் பற்றிய உண்மை கடிகாரத்தோடு கூடவே செல்லவேண்டும் என்பதே இக்கட்டுரை நிறுவ முயலும் கருத்தாகும். அவ்வுண்மையைக் காக்கும் பொறுப்பு உடையவர், திருத்துநர், உற்பத்தி நிறுவனம் ஆகிய மூவருக்கும் உண்டு என்பதும் ஈண்டு வலியுறுத்தப்படும்.

1. நான்கு வேறு செயல்கள்

மாற்றம் என்ற ஒரே சொல்லால் நாம் குறிப்பவை உண்மையில் நான்கு வேறு செயல்களாகும். தேய்ந்த பல்சக்கரத்தை நீக்கி வேறொன்றை இட்டு, காய்ந்த எண்ணெயைக் கழுவிப் புதிய எண்ணெயிட்டுக் கடிகாரத்தை ஓடச் செய்வது செப்பனிடல். காலத்தாற் சிதைந்த கடிகாரத்தை அது வெளிவந்தபோதிருந்த நிலைக்கு அண்மையாகக் கொண்டுவர முயல்வது மீட்டமைத்தல். நிறுவனம் அளித்திராத நிறம், கல், பூச்சு முதலியவற்றைச் சேர்ப்பது உருமாற்றல். இவற்றுள் எதனையேனும் செய்துவிட்டுச் செய்யவில்லை எனக் காட்டுவது ஏமாற்று. முதல் மூன்றும் கைவினை சார்ந்தவை. நான்காவது சொல் சார்ந்தது. மாற்றிய முகப்புடன் உடையவர் கடிகாரத்தை அணியும்போது அது உருமாற்றல். அதே கடிகாரத்தை, “நிறுவனத்திலிருந்து இவ்வாறே வந்தது” எனக் கூறி அவர் விற்கும்போது அது ஏமாற்றாகிவிடுகின்றது.

தமிழ் ஆய்வாளர்க்கு இவ்வேறுபாடு புதியதன்று. ஏட்டுச்சுவடிகளை அச்சேற்றிய சி. வை. தாமோதரம்பிள்ளை, உ. வே. சாமிநாதையர் முதலியோர் இதே சிக்கலை எதிர்கொண்டனர். செல்லரித்த ஏட்டில் ஓரெழுத்தை ஊகித்து நிரப்புதல் பதிப்பாசிரியர் பணிக்குட்பட்டதே. ஆயின் அது ஊகம் என்பது வாசகனுக்குத் தெரிதல் வேண்டும். சாமிநாதையர் 1894 இல் பதிப்பித்த புறநானூற்றின் 267, 268 ஆம் பாடல்கள் கிடைத்தில. இன்றைய பதிப்புகளிலும் அவ்வெண்களுக்குரிய இடம் வெறுமையாகவே உள்ளது. யாரேனும் இரு பாடல்களை இயற்றி அவ்விடத்தில் வைத்திருப்பின், அவை எத்துணை நயமுடையனவாயினும் இடைச்செருகல் என்றே கொள்ளப்பட்டிருக்கும். கட்டடப் பாதுகாப்புத் துறையில் 1964 ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனமும் இந்நெறியையே வகுத்தது. அழிந்த பகுதிக்கு ஈடாக வைக்கப்படுவது முழுமையோடு இயைந்திருத்தல் வேண்டும். அதேவேளை மூலத்திலிருந்து வேறுபடுத்தி அறியத்தக்கதாகவும் இருத்தல் வேண்டும் என்பது அதன் விதி. சுவடிக்கும் கட்டடத்துக்கும் உரிய இந்நெறியைக் கைக்கடிகாரத்துக்கும் பொருத்திப் பார்க்கலாம்.

2. தொழில்நுட்பம் விதிக்கும் எல்லைகள்

எது செய்யத்தக்கது என்பதை ஆராயுமுன், எதைச் செய்தால் எது இழக்கப்படும் என்பதை அறிதல் வேண்டும். மாற்றங்களை மீளத்தக்கவை, மீளாதவை என இருவகைப்படுத்தலாம். வாரை மாற்றுதல், மூல முகப்பைக் கழற்றிப் பத்திரப்படுத்திவிட்டு வேறொன்றைப் பொருத்துதல் என்பன முதல்வகை. கூட்டைத் துளைத்தல், உலோகத்தைத் தேய்த்து மெருகிடல், மூல முகப்பின் மீதே வர்ணந் தீட்டல் என்பன இரண்டாம் வகை.

கடிகாரக் கூட்டின் பின்மூடி, சாவி, கண்ணாடி ஆகிய மூன்று இடங்களிலும் நீர் புகாது தடுப்பவை மெல்லிய வளையங்களே. பின்மூடியைத் திறக்குந்தோறும் அவற்றைப் பரிசோதித்து, வேண்டியவிடத்துப் புதியன இட்டு, அழுத்தச் சோதனை செய்தல் வேண்டும். கல் பதிப்பதற்காக விளிம்பையும் கூட்டையும் துளைக்குமிடத்து, உலோகத்தின் தடிப்புக் குறைந்து, வளையம் அமரும் தளமும் கோணலாகக்கூடும். முகப்பில் 100 மீற்றர் என்று எழுதப்பட்டிருந்தாலும், அவ்வெழுத்து மாற்றத்துக்கு முந்திய கடிகாரத்தைப் பற்றியதே. கொழும்பு போன்ற ஈரப்பதன் மிக்க கரையோர நகரில் இக்குறை விரைவில் துருவாக வெளிப்படும்.

மெருகிடலும் தீங்கற்ற செயலன்று. ஒவ்வொரு முறையும் சிறிதளவு உலோகம் நீங்குகின்றது. கூரிய விளிம்புகள் மழுங்குகின்றன. கருநிறப் பூச்சின் தடிப்புப் பொதுவாகச் சில மைக்குரோமீற்றர் அளவினதே. எனினும் அதனைப் பின்னர் நீக்க வேண்டின் பெரும்பாலும் அடிப்பரப்பையும் தேய்த்து மீள மெருகிட நேரிடும்.

முட்களை மாற்றுவது எளிது எனப் பலர் கருதுவர். ஆயின் முள்ளின் துளை அச்சோடு நுண்ணளவில் பொருந்துதல் வேண்டும். மூன்று முட்களும் ஒன்றையொன்றோ கண்ணாடியையோ தொடாது சுழல இடைவெளி வேண்டும். பாரமான செக்கன் முள் இயந்திரத்துக்குச் சுமையாகும். இயந்திரத்தின் உட்பாகங்களை மாற்றும்போது வேறொரு பிரச்சினை எழுகின்றது. 1973 இல் நிறுவப்பட்ட சுவிற்சர்லாந்தின் அதிகாரபூர்வக் காலமானிச் சோதனை நிறுவனம், ஒவ்வொரு இயந்திரத்தையும் 15 நாட்கள் ஐந்து நிலைகளிலும் மூன்று வெப்பநிலைகளிலும் சோதித்து, சராசரி நாளோட்டம் 4 செக்கன் பின்தங்கலுக்கும் 6 செக்கன் முந்தலுக்கும் இடைப்பட்டிருப்பின் சான்று வழங்குகின்றது. உட்பாகம் மாற்றப்பட்ட இயந்திரம் நன்றாகவே ஓடலாம். ஆயினும் முன்பு பெற்ற சான்று அதன் இன்றைய நிலைக்குரியதாகாது.

எல்லாவற்றிலும் முக்கியமானது தொழிலாளியின் உடல்நலம். இருபதாம் நூற்றாண்டின் முற்பாதிக் கடிகாரங்கள் பலவற்றின் எண்களிலும் முட்களிலும் இருளில் ஒளிரும் ரேடியப் பூச்சு இடப்பட்டது. அமெரிக்காவில் நியூ ஜேர்சி மாநிலத்து ஒறேஞ் நகரத் தொழிற்சாலையில் இளம்பெண்கள் தூரிகை நுனியை உதட்டாற் கூராக்கி இவ்வேலையைச் செய்தனர். தாடையெலும்பு அழுகியும் இரத்தஞ் சுண்டியும் பலர் மாண்டனர். அவர்களுள் ஐவர் தொடுத்த வழக்கு 1928 இல் இணக்கத்தில் முடிந்தது. அப்பூச்சுகள் இன்று ஒளிர்வதில்லை. எனவே அவை செத்துவிட்டன என நினைப்பது பெருந்தவறு. ஒளிரும் நாகச் சேர்மமே பழுதடைந்தது. அரைவாழ்வுக் காலம் ஏறத்தாழ 1600 ஆண்டுகளான ரேடியம் அப்படியே உள்ளது. இத்தகைய முகப்பைச் சுரண்டும்போது எழும் தூள் மூச்சுடன் உட்செல்லும். காற்றோட்டமற்ற சிறு கடையில் பணிபுரியும் திருத்துநர் இம்முகப்பைத் தொடாமல் விடுவதே தக்கது. அதனைப் புதுக்கித் தருமாறு அவரை வற்புறுத்துவது அறமாகாது.

3. உடையவரின் உரிமையும் பெயரின் உரிமையும்

விற்கப்பட்ட பண்டம் வாங்கியவருக்கே உரியது. ஆயின் அதன் மீதுள்ள பெயர், இப்பொருளின் தரத்துக்கு இன்னார் பொறுப்பு என்று மூன்றாமவர்க்குச் சொல்லும் கூற்றாகும். இவ்விரு உரிமைகளும் மோதும் இடத்தைப் பல நாட்டு நீதிமன்றங்கள் ஆராய்ந்துள்ளன.

அமெரிக்க உயர் நீதிமன்றம் 1947 இல் சம்பியன் நிறுவனத்தின் தீப்பொறிச் செருகிகள் தொடர்பான வழக்கில், பழையவற்றைச் செப்பனிட்டு விற்போர், அவை செப்பனிடப்பட்டவை எனத் தெளிவாகக் குறிப்பின் மூலப் பெயரை நீக்க வேண்டியதில்லை எனத் தீர்த்தது. 1964 இல் புலோவா கடிகார வழக்கில் வேறு முடிவு ஏற்பட்டது. புலோவா இயந்திரங்களைக் கழற்றி வைரமிழைத்த வேறு கூடுகளில் இட்டு விற்றமை செப்பனிடலின் எல்லையைக் கடந்து புதுப்பொருளை ஆக்கியது என நீதிமன்றம் கருதியது. ஹமில்ற்றன் நிறுவனத்தின் பழைய சட்டைப்பைக் கடிகார இயந்திரங்களையும் முகப்புகளையும் கைக்கடிகாரமாக்கி விற்ற வோற்றிக் என்னும் சிறு நிறுவனத்தின் வழக்கில், அந்நிறுவனம் தன் பெயரையும் தான் செய்ததையும் ஒளிக்காது கூறியமை அதற்கு அரணாயிற்று. 2021 இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அதன் பக்கமே தீர்த்தது.

2024 ஜனவரியில் றோலெக்ஸ் நிறுவனம் தொடர்பாக இரு நாடுகளில் வெளிவந்த தீர்ப்புகள் ஒப்புநோக்கத்தக்கன. அமெரிக்காவில், பழைய றோலெக்ஸ் கடிகாரங்களுக்கு வேற்று முகப்பும் விளிம்பும் பொருத்தி, அவை அசல் றோலெக்ஸ் என்றே விற்ற வணிகர் குறியுரிமையை மீறியவராகக் காணப்பட்டார். சுவிற்சர்லாந்தின் கூட்டாட்சி உயர் நீதிமன்றமோ, உடையவர் தாமே கொண்டுவந்து கொடுக்கும் கடிகாரத்தை அவரது சொந்தப் பாவனைக்காக உருமாற்றிக் கொடுக்கும் சேவை குறியுரிமையை மீறுவதாகாது என்றும், உருமாற்றிய கடிகாரங்களைக் குறியுரிமையாளரின் சம்மதமின்றிச் சந்தைக்கு விடுவது மீறலாகும் என்றும் வேறுபடுத்தியது. நாடுகளும் சட்டங்களும் வேறாயினும் எல்லைக்கோடு ஒரே இடத்திற்கு அண்மையில் வரையப்பட்டிருப்பது கவனிக்கத்தக்கது. உடையவரின் கையில் இருக்கும்வரை மாற்றம் அவரது விருப்பத்துக்குரியது. கடை வாயிலைத் தாண்டும்போது அது பிறருக்கும் பதில்சொல்ல வேண்டியதாகின்றது.

இலங்கையிலும் இவ்வெல்லைக்கான சட்ட அடிப்படைகள் உள்ளன. 1896 ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம், விவரணத்தின்படி விற்கப்படும் பொருள் அவ்விவரணத்துக்கு இயைந்திருத்தல் வேண்டும் என்கிறது. 2003 ஆம் ஆண்டின் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் தவறாக வழிநடத்தும் வணிக நடத்தையைத் தடைசெய்கிறது. அதே ஆண்டின் புலமைச் சொத்துச் சட்டம் வியாபாரக் குறிகளைப் பாதுகாக்கிறது.

4. பழமையின் விலை

மறைப்புக்கான தூண்டுதல் எங்கிருந்து எழுகிறது என்பதையும் நோக்க வேண்டும். கைக்கடிகாரத்தின் பயன்மதிப்பு நேரங்காட்டுதல். இன்று மலிவான குவாட்ஸ் கடிகாரம் அதனை மேலும் நுட்பமாகச் செய்கிறது. எனவே விலையுயர்ந்த கடிகாரத்தின் பரிவர்த்தனை மதிப்பு பயனிலிருந்து விலகி, அருமையிலும் வரலாற்றிலும் தங்கி நிற்கின்றது. நடிகர் போல் நியூமன் அணிந்த றோலெக்ஸ் டேற்றோனா 2017 இல் நியூ யோர்க் ஏலத்தில் 1 கோடியே 77 இலட்சம் டொலருக்கு மேல் விலைபோனது. அவர் பெயரால் அறியப்படும் முகப்புவகை சாதாரண முகப்பிலும் பன்மடங்கு விலைபெறும் காரணத்தால், சாதாரணக் கடிகாரங்களில் அம்முகப்பையோ அதன் போலியையோ பொருத்துவது ஒரு தொழிலாகவே வளர்ந்தது. சில கிராம் எடையுள்ள தகடொன்று கடிகாரத்தின் விலையைத் தீர்மானிக்கும்போது அத்தகட்டைப் பற்றிப் பொய் சொல்வோரும் தோன்றுவர்.

இப்பொய் உற்பத்தியாளரையே ஏமாற்றியதும் உண்டு. 2021 நவம்பரில் ஜெனீவாவில் ஒமேகா ஸ்பீட்மாஸ்ரர் ஒன்று 31 இலட்சம் சுவிஸ் பிராங்குக்கு மேல் ஏலம்போனது. அதனைத் தன் அருங்காட்சியகத்துக்காக வாங்கியது ஒமேகா நிறுவனமே. அது பல்வேறு கடிகாரங்களின் பாகங்களால் கூட்டியமைக்கப்பட்டது என்பதும், நிறுவனத்தின் முன்னாள் ஊழியர்கள் அதில் சம்பந்தப்பட்டிருந்ததாகக் கருதப்படுவதும் 2023 இல் நிறுவனத்தாலேயே வெளியிடப்பட்டன.

இது செல்வர் உலகுக்கு மட்டும் உரியதென எண்ணலாகாது. இந்திய அரசுத்துறை நிறுவனமான எச்.எம்.ரி., ஜப்பானிய சிற்றிசன் நிறுவனத்தின் ஒத்துழைப்புடன் 1961 இல் பெங்களூரில் கைக்கடிகார உற்பத்தியைத் தொடங்கியது. அதன் ‘ஜனதா’ முதலிய கடிகாரங்கள், பெயருக்கேற்ப, ஆசிரியரும் எழுதுவினைஞரும் முதற்சம்பளத்தில் வாங்கத்தக்கனவாக இருந்தன. கடிகாரப் பிரிவை மூட இந்திய அமைச்சரவை 2016 இல் முடிவெடுத்த பின்னர் சேகரிப்போரின் நாட்டம் அவற்றின்பாற் பெருகிற்று. பழைய இயந்திரத்தின் மேல், நிறுவனம் வெளியிட்டேயிராத நிறங்களிற் புதிதாக அச்சிட்ட முகப்பைப் பொருத்தி, பாவிக்கப்படாத பழைய சரக்கு என விற்பது பரவலாயிற்று. பல கடிகாரங்களிலிருந்து பொறுக்கிய பாகங்களால் ஓடும் கடிகாரமொன்றை ஆக்குவது வீணாகவிருந்த உழைப்பைக் காப்பாற்றும் நற்செயலே. அதனைத் தீண்டப்படாத பழம்பொருள் என்று சொல்லும்போதே அது பழுதாகிறது. இங்கு ஏமாறுபவர் பெரும்பாலும் செல்வரல்லர். தந்தையின் கையிற் கண்ட கடிகாரத்தைத் தேடி வாங்கும் எளிய மனிதரே.

5. உதிரிப்பாகமும் உழைப்பாளியும்

இதுவரை கூறியவற்றால் குற்றம் முழுவதும் சிறு வணிகர்க்கும் திருத்துநர்க்குமே உரியதென முடிவுகட்டின் அது பக்கச்சார்பானதாகும். பெரிய சுவிஸ் நிறுவனங்கள் பல, தம் உதிரிப்பாகங்களைத் தாம் அங்கீகரித்த திருத்துநர்களுக்கு மட்டுமே வழங்குகின்றன. ஐரோப்பிய சுயாதீனக் கடிகாரத் திருத்துநர் சங்கங்களின் கூட்டமைப்பு 2004 இல் ஐரோப்பிய ஆணைக்குழுவிடம் இது குறித்து முறையிட்டது. 2008 இல் முறைப்பாடு நிராகரிக்கப்பட்டது; 2010 இல் பொது நீதிமன்றம் அந்நிராகரிப்பை நீக்கியது; ஆணைக்குழு 2014 இல் மீண்டும் நிராகரித்தபோது, 2017 இல் நீதிமன்றம் அதனை ஏற்றுக்கொண்டது. தரத்தைப் பேணவும் போலிகளைத் தடுக்கவும் இக்கட்டுப்பாடு வேண்டும் என்பது நிறுவனங்களின் வாதம். அவ்வாதத்தை முற்றாக ஒதுக்கிவிட முடியாது. ஆயின் ஐரோப்பாவிலேயே பாகம் கிடையாத நிலையிற் கொழும்புத் திருத்துநர் என் செய்வார்? தாமே கடைந்தெடுப்பார், அன்றேல் வேறு நிறுவனத்தார் செய்த பாகத்தை இடுவார். பின்னர் அக்கடிகாரம் நிறுவனத்தின் சேவை நிலையத்துக்குச் செல்லுமிடத்து, வேற்றுப்பாகம் உள்ளதெனத் திருப்பப்படவோ, பெருஞ்செலவில் அனைத்தையும் மாற்றுமாறு கேட்கப்படவோ கூடும். மூலப்பாகத்தைத் தர மறுப்பவர், மூலப்பாகம் இல்லை என்று குறைகூறும் முரண்பாடு இங்கு வெளிப்படுகின்றது.

மேலும், நிறுவனத்தின் சேவை நிலையங்களும் உருமாற்றுகின்றன. பழைய முகப்பையும் முட்களையும் கழற்றிப் பிற்காலத்தில் உற்பத்தியானவற்றை இடுவதும், கூட்டை மெருகிடுவதும் அங்கு நெடுங்கால வழக்கு. அவையும் ஒரு கடிகாரத்தின் வரலாற்றை அழிப்பவையே. சேகரிப்போர் பலர் பழம்பாகங்களைத் தொடவேண்டாமென எழுத்தில் கேட்டே கடிகாரத்தை ஒப்படைக்கின்றனர். எனவே மாற்றத்தை அறிவிக்கும் கடமை சிறியோருக்கு மட்டும் விதிக்கப்படின் அது நீதியாகாது.

6. கடைப்பிடிக்கத்தக்க நெறிகள்

மேற்கூறியவற்றிலிருந்து நடைமுறைக்கு உகந்த சில நெறிகளை வகுக்கலாம். மீளத்தக்க மாற்றம் போதுமாயின் மீளாத மாற்றத்தைச் செய்யாதிருத்தல் வேண்டும். கழற்றிய மூலப்பாகங்கள் அனைத்தையும் உறையிலிட்டு உடையவரிடம் திருப்பிக் கொடுத்தல் வேண்டும். அவை திருத்துநரின் உடைமையல்ல. துளைத்தல், மெருகிடல், பூச்சிடல் ஆகியவற்றுக்கு முன்னர் நீர்காப்பு, உத்தரவாதம், மறுவிற்பனை விலை ஆகியவற்றில் ஏற்படும் இழப்பை உடையவருக்கு விளக்கி எழுத்தில் சம்மதம் பெறுதல் வேண்டும். புதிதாகச் செய்த முகப்பில் மூல நிறுவனத்தின் பெயரை அச்சிடலாகாது. விற்பனையின்போது என்ன மாற்றப்பட்டது, எப்போது, யாரால் என்ற குறிப்பைக் கடிகாரத்துடன் கொடுத்தல் வேண்டும். நிறுவனங்களும் தம் சேவை நிலையங்களில் மாற்றியவற்றை விவரமாக எழுதிக் கொடுப்பதோடு, தகுதி வாய்ந்த சுயாதீனத் திருத்துநர்களுக்கு நியாய விலையில் உதிரிப்பாகம் வழங்குதல் வேண்டும்.

இந்நெறிகளுட் சில இத்தொழிலுக்கு முற்றிலும் புதியனவல்ல. பழைய கடிகாரங்களின் பின்மூடியைத் திறந்து பார்ப்போர், அதன் உட்புறத்தில் ஊசிமுனையாற் கீறிய சிறு அடையாளங்களைக் காண்பர். கடிகாரத்தைத் திறந்து வேலைசெய்த ஒவ்வொரு திருத்துநரும் தம் குறியையும் நாளையும் அவ்வாறு பதித்துச் சென்றனர். ஏடெழுதியோர் சுவடியின் இறுதியில் தம் பெயரையும் எழுதி முடித்த நாளையும் குறித்த மரபும் இத்தகையதே. அணிபவரின் கண்ணுக்குப் படாத அவ்விடத்தில், அடுத்துத் திறக்கப்போகும் தொழிலாளிக்காக எழுதப்பட்ட அச்சிறு குறிப்பினைச் சற்று விரிவாக்கி, வாங்குபவரும் வாசிக்கத்தக்கவாறு தாளில் எழுதிக் கொடுத்தால், உருமாற்றல் பற்றிய பிணக்குகளுட் பெரும்பாலானவை எழாமலே போகும் எனலாம்.